துருப்பிடித்த பரோங், பிளந்த உறை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பிலிப்பைன்ஸில் தாவாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். வீட்டுக்காரத் தாத்தா சுலு தீவுப் பக்கத்துத் தவுசுக் இனத்தவர். அவருடைய அப்பாவின் பரோங் வாள் பரணில் துருப்பிடித்துக் கிடக்கிறது. நான் சரிசெய்து தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். நண்பனிடம் கிரைண்டர் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கிரைண்டரை நண்பனிடமே விட்டுவிடுங்கள் தம்பி, தொடங்க வேண்டிய இடம் அதுதான். சக்கரத்தில் வைத்த சில நொடிகளில் மெல்லிய வெட்டுவாய் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம், பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

மண்ணெண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் கலந்து துணியில் நனைத்து வாளைச் சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் மூங்கில் சீவலாலோ பழைய செப்புக் காசின் விளிம்பாலோ சுரண்டினால் செந்துரு பொருக்குப் பொருக்காக வரும், இரும்பில் கீறல் விழாது. அப்புறம் மிக நைசான ஸ்டீல் வூலில் எண்ணெய் தொட்டு, வாளின் நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். அடியில் கருஞ்சாம்பல் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அது அழுக்கில்லை, இத்தனை வருஷத்தில் இரும்பு தானே போர்த்திக்கொண்ட போர்வை. கண்ணாடி மாதிரி பளபளக்க வைத்தீர்கள் என்றால் தாத்தா வாய்விட்டு எதுவும் சொல்ல மாட்டார், ஆனால் முகம் சுருங்கிவிடும்.

(இணையத்தில் பரோங் என்று தேடினால் பிலிப்பினோக்கள் கல்யாணத்துக்குப் போடும் சட்டைதான் முதலில் வரும். வாளைத் தவுசுக் மக்கள் பருங் என்பார்கள், அப்படியும் தேடிப் பாருங்கள்.)

கேள்வி: அதே வாளின் பிடி ஆடுகிறது. ஃபெவிக்குவிக் ஊற்றலாமா?

பதில்: கூடாது. நம் ஊர் கத்திக்கு அரக்கு வைத்துப் பிடி போடுவது போலத்தான் அங்கேயும், மரப்பிசினை உருக்கி ஊற்றி, பிடிக்குள் போகும் ஒடுங்கிய வால் பகுதியை உள்ளே இறக்கியிருப்பார்கள். பிடிக்குச் சற்று மேலே இரும்பை மட்டும் இதமாகச் சூடு காட்டினால் பழைய பிசின் இளகித் தானே பிடித்துக்கொள்ளும். போதவில்லை என்றால் உள்ளூர் அல்மாசிகா மரத்தின் பிசினைப் பொடித்து, கொஞ்சம் செங்கல் தூள் சேர்த்து உருக்கி ஊற்றுங்கள். இதில் வசதி என்னவென்றால், நாளைக்கு இன்னொருவர் கழற்ற நினைத்தால் மறுபடி சூடு காட்டினால் போதும்.

கேள்வி: உறையைப் புதிதாகவே செய்ய வேண்டும். என்ன மரம், எப்படிக் குடைவது?

பதில்: பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், துணியில் சுற்றிக் கூடவே வையுங்கள். மரத்துக்கு லனிட்டே கேளுங்கள். வெளிர் நிறம், லேசான கனம், உளிக்கு வெண்ணெய் போல வழிவிடும். நம் வெட்பாலையின் நெருங்கிய சொந்தம்தான். துவர்ப்புள்ள மரம் வேண்டாம், இரும்பு கறுத்துவிடும். மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

இனி குடைவது. நான் தாவாவோ இருக்கும் அதே மிண்டனாவோ தீவில் இருந்தபோது முதல் உறையில் கோட்டைவிட்டது இங்கேதான். வாளைப் பலகைமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, வரைந்தபடியே குடைந்தேன். படுக்க வைத்தால் அச்சாகப் பொருந்தியது. இரண்டு பலகையையும் கட்டிவிட்டு வாளை நுழைத்தால் பாதியிலேயே நின்றுவிட்டது! பரோங் இலை வடிவம் அல்லவா, பிடியருகே ஒடுங்கி நடுவில் அகலும், அந்த அகன்ற வயிறு உறையின் வாய் வழியாகத்தானே உள்ளே போயாக வேண்டும். ஆகவே நுனியிலிருந்து வயிறு வரை வாளின் கோட்டையே பின்பற்றிவிட்டு, அங்கிருந்து வாய்வரை அதே அகலத்தில் நேராகக் கோடு இழுத்துவிடுங்கள். கூடுதல் இடமெல்லாம் வெட்டுவாய்ப் பக்கம் போகட்டும், முதுகுப் பக்கம் வாளோடு ஒட்டியே இருக்கட்டும், வாள் சறுக்கிக்கொண்டு போகிற தண்டவாளம் அதுதான். பழைய பரோங் உறைகள் வாய்ப்பக்கம் அவ்வளவு அகலமாக இருப்பதைப் பார்த்து அலங்காரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஆழம், முதுகுக் கனத்தில் பாதி ஒரு பலகையில், பாதி மறு பலகையில், வெட்டுவாய் நோக்கிச் சரிவாக. வாள்மேல் கரித்தூளைப் பூசி, பலகைகளை அழுத்திப் பிடித்து ஒருதரம் செருகி எடுங்கள். உள்ளே எங்கே கறுத்திருக்கிறதோ அங்கே மட்டும் ஒரு சீவல். மறுபடி பூசி, மறுபடி செருகி, மறுபடி ஒரு சீவல். ஒரு முழுச் சாயங்காலம் இதிலேயே போய்விடும், அவசரப்பட்டால் லொடலொட உறைதான் மிஞ்சும். உள்ளே வார்னிஷ், தோல், வெல்வெட் எதுவும் வேண்டாம், எல்லாமே ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோலில் அமிலம் வேறு.

கட்டுவதற்குப் பிரம்பு நார். தண்ணீரில் ஊறவைத்து இழுத்துச் சுற்றினால், காயக் காயத் தானே இறுகும். ஆனால் அது முழுக்கக் காயும் வரை வாளை உள்ளே வைக்காதீர்கள். நான் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, விடிந்ததும் முதலிலிருந்து துரு சுரண்டினேன்.

இன்னொன்று, உருவும்போது உறையைச் சுற்றி விரல்களை மடக்காதீர்கள். பொருத்து விட்டுப்போயிருந்தால் வெட்டுவாய் நேரே விரலுக்கு வரும். இரண்டு தட்டைப் பக்கங்களை மட்டும் பிடியுங்கள். கம்பிலான் என்ற நீள வாளின் உறையை வேண்டுமென்றே லேசாகக் கட்டுவார்கள், அவசரத்தில் உருவ நேரமில்லாமல் உறையோடு வெட்டினால் கட்டு அறுந்துவிடும் என்பார்கள். கதையாகவே இருக்கட்டும், உங்கள் விரலுக்கு அது எச்சரிக்கை.

கேள்வி: மணிலா சந்தையில் ஒரு பரோங் வாங்கினேன். பழசு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு, உள்ளங்கை அளவு இடத்தில் வினிகரைப் பஞ்சில் தொட்டு ஐந்து நிமிஷம் தடவுங்கள். பல அடுக்கு இரும்பை மடித்து அடித்த வாள் என்றால் மரத்தின் ரேகை மாதிரி வரிகள் மேலெழும். ஆப்ப சோடா கரைசலால் கழுவித் துடைத்து உடனே எண்ணெய் போடுங்கள். வரி இல்லாமல் ஒரே சாம்பலாக வந்தால், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜீப்பின் ஸ்பிரிங் பட்டையில் அடித்ததாக இருக்கலாம். அதனால் மட்டம் என்று ஆகிவிடாது, வெட்டுவதற்கு அது நல்ல எஃகு.

கேள்வி: பிடியின் கொண்டை தந்தம் போலிருக்கிறது. ஊருக்கு எடுத்துவரலாமா?

பதில்: கொக்கட்டூ கிளி வடிவக் கொண்டையைத் தந்தத்தில் செய்துகொண்டவர்கள் பெரும்பாலும் டத்துக்கள், அதாவது ஊர்த் தலைவர்கள். யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப்படி 1990 முதல் தடை இருக்கிறது. அனுமதிக் காகிதம் இல்லாமல் விமான நிலையம் பக்கமே போகாதீர்கள். மரக் கொண்டை என்றாலும் அங்கே வீட்டுக்கு வெளியே வாளைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தால் போலீஸ் பிடிக்கும்.