ஆட்சி மாறியும் கண்காணிப்பு மாறவில்லை. கைபேசியிலாவது என்ன செய்யலாம்?

கேள்வி: அமெரிக்காவில் தனியுரிமை பேசி ஓட்டு வாங்குகிறவர்கள், பதவி நெருங்கியதும் கண்காணிப்புச் சட்டத்துக்கே கை தூக்குகிறார்கள். வெறுத்துவிட்டது. வாட்ஸ்அப்பில் குறியாக்கம் இருக்கிறதே, அது போதாதா?

பதில்: உங்கள் கசப்பு நியாயமானதுதான். அரசின் உளவுக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்களை வழக்கிலிருந்து காப்பாற்றும் மசோதா வந்தால், அதை முடக்குவதை ஒபாமா ஆதரிப்பார் என்று 2007-ல், அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிட்டபோது, அவர் தரப்பு சொன்னது. 2008 ஜூலையில் அவரே அப்படியொரு மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார். அந்தச் சட்டம் கொண்டுவந்த 702-ஆம் பிரிவை (வெளிநாட்டில் உள்ள வெளிநாட்டவரின் தொடர்புகளைத் தனித்தனி நீதிமன்ற ஆணை இல்லாமல் திரட்ட அரசுக்கு அனுமதி தருவது; அவர்களோடு பேசும் அமெரிக்கர்களின் தகவலும் அதில் சிக்கும்) 2012, 2018, 2024-ல் இரு கட்சியினரும் சேர்ந்தே நீட்டித்தார்கள்.

ஆகவே பேச்சை விடுங்கள், வாக்குப் பதிவைப் பாருங்கள். 702-க்குக் காலக்கெடு வைத்துத்தான் நீட்டிக்கிறார்கள். கெடு நெருங்கும்போது உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். 'தனியுரிமையைக் காப்பீர்களா?' என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'அப்படித் திரட்டியதில் அமெரிக்கர்களின் தகவலைத் தேடுமுன் நீதிமன்ற ஆணை கட்டாயம் என்ற திருத்தத்தை ஆதரிப்பீர்களா?' என்று கேளுங்கள். 2024-ல் கீழவையில் அது 212-212 என்று சமனாகித் தோற்றது. ஒரே ஒரு வாக்கு!

இனி வாட்ஸ்அப். குறியாக்கம் செய்தியை மறைக்கும். யாரோடு, எப்போது பேசினீர்கள் என்பதை மறைக்காது. 2013-ல், அமெரிக்க உளவு அமைப்பின் முன்னாள் ஒப்பந்த ஊழியர் ஸ்னோடென் வெளிக்கொண்டுவந்த ரகசிய ஆணை வெரைசான் என்ற தொலைபேசி நிறுவனத்திடம் கேட்டதும் அதைத்தான்: எண்கள், நேரம், பேசிய கால அளவு. என்ன பேசினார்கள் என்பதைக் கோரவே இல்லை. ஒருவர் மருத்துவரையும் வக்கீலையும் அடுத்தடுத்து அழைத்தால் ஊகிக்க உரையாடல் எதற்கு?

பலர் கோட்டைவிடுவது பேக்கப்பில். செய்தி பூட்டியிருக்கும், அதன் நகல் கூகுள் டிரைவிலோ ஐகிளவுடிலோ வாட்ஸ்அப்பின் பூட்டு இல்லாமல் கிடக்கும். அமைப்புகளில் 'சாட்ஸ்', அதற்குள் 'சாட் பேக்கப்' போய், பேக்கப்புக்கான முழுக் குறியாக்கத்தை இயக்குங்கள். கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வைத்துக்கொள்ளலாம். சாவி என்றால் தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள்; தொலைந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்க முடியாது. எதிர்முனையில் இருப்பவரும் இதைச் செய்யாவிட்டால் அதே உரையாடல் அவர் கணக்கில் திறந்து கிடக்கும்.

யாரோடு, எப்போது பேசினீர்கள் என்ற விவரமும் தங்கக்கூடாதென்றால் சிக்னல் என்ற செய்திச் செயலி. 2016-ல் அமெரிக்க நீதிமன்ற உத்தரவுக்கு அதனால் தர முடிந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நேரமும் மட்டுமே. எல்லோரையும் ஒரே நாளில் அங்கே இழுக்க முடியாது. தினமும் பேசும் நாலு பேரிடமிருந்து தொடங்குங்கள்.