ஒரே கேள்விக்கு இரண்டு சதவீதமா?

கலிஃபோர்னியா பொதுக்கொள்கை நிறுவனத்தின் (பிபிஐசி) கருத்துக்கணிப்பில் ஒரே கேள்விக்கு இரண்டு சதவீதம் இருக்கிறதே, கட்டுரையில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே சரிதான். முதலாவது வயதுவந்தோர் எல்லோரும். குடியுரிமை இல்லாதவர்களும் அதில் உண்டு. மற்றது ஓட்டுப் போட வாய்ப்புள்ளவர்கள் மட்டும். இவர்களில் வயதானவர்களும் சொந்த வீட்டுக்காரர்களும் அதிகம். நவம்பர் வாக்கெடுப்பைப் பற்றி எழுதினால் இரண்டாவதை எடுங்கள். வாடகைச் சுமை என்றால் முதலாவது.

அப்புறம், இரண்டாவதில் ஆட்கள் குறைவு, அதனால் பிழை வரம்பு (உண்மை நிலை எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற அளவு) கூடும். 51க்கு 49 என்று வந்தால் 'பெரும்பான்மை' என்று அடித்துவிடாதீர்கள்.

பிபிஐசிக்குக் கட்சிச் சாயம் உண்டா என்ற சந்தேகத்துக்கு: அது ஹியூலெட்-பேக்கர்ட் (ஹெச்பி) நிறுவனர்களில் ஒருவரான வில்லியம் ஹியூலெட் தந்த நிதியில் 1994-இல் தொடங்கியது, வாக்கெடுப்புகளில் எந்தப் பக்கமும் நிற்பதில்லை. தாராளமாக மேற்கோள் காட்டலாம்.