குழந்தைகளின் இரும்புச்சத்துக் குறைபாடு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: டாக்டர், என் மகனுக்குப் பதினான்கு மாதம். ஹீமோகுளோபின் 9.2 என்று வந்திருக்கிறது. ஓடியாடி விளையாடுகிறான். மருந்து அவசியமா?

பதில்: அவசியம். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 6 முதல் 23 மாதம் வரை ஹீமோகுளோபின் 100 மில்லி இரத்தத்துக்கு 10.5 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை 11 கிராம். மெல்ல மெல்லக் குறைவதால் உடல் அதற்குப் பழகிக்கொள்கிறது. குழந்தை விளையாடுவதை வைத்து முடிவு செய்யக் கூடாது. வெளிச்சத்தில் அவன் உள்ளங்கையை உங்கள் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். கீழிமையை மெதுவாக இறக்கி உட்புறத்தையும் பாருங்கள். வெளுப்பு தெரிந்தால், உடலின் இரும்புச் சேமிப்பு எப்போதோ காலியாகிவிட்டது என்று பொருள். அந்த இரும்பு இரத்தத்துக்கு மட்டும் உரியதன்று, வளரும் மூளைக்கும் அதுதான் வேண்டும். அதனால்தான் நான் அவசரப்படுத்துகிறேன். அவன் ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்?

கேள்வி: பசும்பால் ஒரு லிட்டர் குடித்துவிடுவான். சாப்பாட்டைத்தான் தொடமாட்டேன் என்கிறான்.

பதில்: காரணம் கிடைத்துவிட்டது. பசும்பாலில் இரும்பு மிகமிகக் குறைவு. வயிற்றை நிரப்பிப் பசியைக் கெடுக்கும்; அதிலுள்ள கால்சியம், உணவிலிருந்து கிடைக்கும் கொஞ்ச இரும்பையும் சேரவிடாது. சில சிறு குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக்கசிவுகூட ஏற்படும். நாளைக்கு 500 மில்லிக்கு மேல் வேண்டாம். புட்டியை எடுத்துவிட்டுக் கிண்ணத்தில் கொடுங்கள், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் சில நாள்கள் அழுவான், தாங்கிக்கொள்ளுங்கள். பாலைக் குறைக்காமல் மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல.

கேள்வி: மருந்துப் புட்டியில் ஏதேதோ மில்லிகிராம் கணக்கு இருக்கிறது. எதைப் பார்ப்பது?

பதில்: மருந்திலுள்ள இரும்புச் சேர்மத்தின் மொத்த எடையை விட்டுவிடுங்கள், அதற்குள் இருக்கும் தனி இரும்பின் அளவைப் பாருங்கள். ஃபெரஸ் சல்ஃபேட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இரும்பு, ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு. இரத்தசோகைக்கு வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் தனி இரும்பு. பத்துக் கிலோ குழந்தைக்கு 30 மில்லிகிராம், ஒரே வேளையாகக் கொடுத்தால் போதும். எத்தனை மில்லி என்பதை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பாலோடு கலக்காதீர்கள். வெறும் வயிற்றில், ஆரஞ்சுச் சாறு போன்ற வைட்டமின் சி உள்ள ஏதாவதொன்றோடு கொடுங்கள். சொட்டுக்குழாயைக் கன்னத்தின் உட்பக்கம் பின்னால் வைத்து விட்டால் பல்லில் கறை படியாது.

கேள்வி: இரும்பு மருந்து கொடுப்பதிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது.

பதில்: குடலில் சேராத இரும்பு அது. தார்போல் பிசுபிசுப்பாக இருந்தாலோ சிவப்பு தெரிந்தாலோ மட்டும் உடனே காட்டுங்கள்.

கேள்வி: ஒரு மாதம் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை.

பதில்: சரியாகக் கொடுத்திருந்தால் நான்கு வாரத்தில் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். துப்பிவிட்டானா, அளவு குறைந்ததா, பால் குறையவில்லையா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் விடை இங்கேயே கிடைத்துவிடும். இல்லையென்றால் தலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறை), குடற்புழு, இரத்தக்கசிவு, குடலில் சேர்மானக் குறை ஆகியவற்றைத் தேட வேண்டும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் காய்ச்சலின்போது செய்யாதீர்கள். அப்போது அது தானாகவே உயர்ந்து குறைபாட்டை மறைத்துவிடும். ஆரோக்கியமாக இருக்கும்போது ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் குறைபாடு. உடலில் அழற்சி இருந்தால் 30ஐ எல்லையாகக் கொள்கிறோம்.

கேள்வி: மகளுக்கு ஹீமோகுளோபின் 11.8 வந்துவிட்டது. மருந்தை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. அதிகம் நடக்கிற தவறு இதுதான். இப்போது நிரம்பியிருப்பது இரத்தம் மட்டுமே, சேமிப்பு இன்னும் காலிதான். மேலும் இரண்டு, மூன்று மாதம் கொடுத்தால்தான் அதுவும் நிரம்பும். பாதியில் விட்டுவிட்டு அடுத்த ஆண்டு அதே வெளுப்போடு திரும்பி வரும் குழந்தைகளைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

கேள்வி: என் மகள் சுவரைச் சுரண்டித் தின்கிறாள். அடித்தும் கேட்கவில்லை.

பதில்: அடிக்காதீர்கள், அது பிடிவாதமன்று. இரும்புக் குறையின் அடையாளமாக இருக்கலாம். மருந்து சேரச் சேர அந்த ஆசை தானே மறையும். பழைய வண்ணப்பூச்சு என்றால் ஈயத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: சற்றுமுன் என் இரண்டு வயது மகன் என்னுடைய இரும்பு மாத்திரைகளில் சிலவற்றை விழுங்கிவிட்டான். வாந்தி எடுத்தான், இப்போது நன்றாக இருக்கிறான்.

பதில்: இதைப் படித்ததும் கிளம்பிவிடுங்கள். வாந்திக்குப் பிறகு சில மணி நேரம் தெளிவாகத் தெரிவது இந்த நஞ்சின் ஏமாற்று. அதன் பின்னரே இதயமும் கல்லீரலும் பாதிக்கப்படும். நீங்களாக வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மீதமுள்ள மாத்திரைகளை அட்டையோடு கையில் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.