வாசகர் கேள்வி – பதில்: உயிரெழுத்தின் விலை

கேள்வி: 2002ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் 5ஆம் ஒளிவழியில் வந்த ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ நிகழ்ச்சியை எங்கள் மூவறை வீட்டில் ஆறு பேரும் தரையில் அமர்ந்து பார்ப்போம். பாதி எழுத்துகள் திறப்பதற்குள் விடையைச் சொல்லிவிடும் என் தந்தை, “இதைத் தமிழில் நடத்த முடியாதா?” என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அவர் இன்று இல்லை. நீங்களாவது பதில் சொல்லுங்கள்.
– வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் தந்தையார் கேட்டது எளிய கேள்வியன்று. மறைந்திருக்கும் சொல்லை எழுத்தெழுத்தாக ஊகித்துப் பள்ளிப் பிள்ளைகள் காகிதத்தில் விளையாடும் ‘ஹேங்மேன்’ ஆட்டத்தை அடியொற்றி மெர்வ் கிரிஃபின் உருவாக்கி, 1975இல் அமெரிக்காவில் ஒளியேறத் தொடங்கிய அந்த நிகழ்ச்சி, ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை நம்பியே நிற்கிறது. சக்கரத்தைச் சுழற்றி மெய்யெழுத்து ஒன்றைக் கேட்கலாம். ஐந்து உயிரெழுத்துகளை மட்டும் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்க வேண்டும். நமக்கோ எழுத்துகள் 247. போட்டியாளர் ‘க’ என்று கேட்டால், ‘கா’, ‘கி’, ‘கு’ ஆகியவற்றையும் திறப்பதா, விடுவதா? விட்டால் ஒரு பழமொழியைத் திறந்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். குறியீடுகளோடு எல்லாவற்றையும் திறந்தாலோ விலைக்கு வாங்க உயிரெழுத்து மிஞ்சாது.

ஆயினும் வழி இருக்கிறது. கேட்ட மெய்யின் வரிசை முழுவதையும் கொம்பு, கால், புள்ளி எதுவுமின்றி வெற்றுடலாகத் திறந்துவிட்டு, உயிர்க்குறிகளை மட்டும் விலைக்கு விற்கலாம். ‘வெண்ணெய் திரளும்போது’ என்பது அப்போது பலகையில் ‘வணணய தரளமபத’ என்று நிற்கும். புள்ளியில்லாத ஓலைச்சுவடியைப் படித்த நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் ஒரு சிறு பங்கை நாமும் படலாம். உயிரை விலைக்கு விற்கும் நிகழ்ச்சி என்று யாராவது கேலி செய்யக்கூடும்; அதற்கு நான் பொறுப்பில்லை.

தொண்ணூறுகளில் இங்கே பலரும் விரும்பிப் பார்த்த ‘பிரமிட் கேம்’ நிகழ்ச்சிக்கு இந்தத் தொல்லை கிடையாது. சொல்லைச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்த வேண்டும், அவ்வளவுதான். ‘கல்யாண வீட்டு வாசலில் இரண்டு பக்கமும் கட்டுவார்கள்’ என்றால் ‘வாழைமரம்’ என்று சமையலறையிலிருந்தே குரல் வரும். எட்டாம் ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கு இடையே தமிழுக்கென ஒதுக்கிய நேரத்தை எதிர்பார்த்துக் காத்திருந்த தலைமுறை நம்முடையது. முழுநேரத் தமிழ் ஒளிவழியான வசந்தம் 2008 அக்டோபரில்தான் வந்தது. ஆகவே ஆங்கில நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அதையே தமிழில் நாமாக ஆடிப் பார்த்த வீடுகள் பல இருந்திருக்கும். எங்கள் வீடு அவற்றுள் ஒன்று. என் அத்தை குறிப்புச் சொல்லத் தொடங்கி, பொறுமையிழந்து விடையையே சொல்லிவிடுவார்.

கேள்வி: அறுபது, எழுபதுகளின் அமெரிக்கப் போட்டி நிகழ்ச்சிகளை இணையத்தில் தேடினால் சில பகுதிகளே கிடைக்கின்றன. ஏன்?
– வாசகர், பிடோக்

பதில்: அழித்துவிட்டார்கள். அன்று ஒளிப்பதிவு நாடா விலை மிகுந்த பொருள். பகல்நேர நிகழ்ச்சியை யாரும் மறுமுறை பார்க்கப்போவதில்லை என்று கருதி, அதே நாடாவில் வேறொன்றைப் பதிந்தார்கள். 1964இல் தொடங்கிய முதல் ‘ஜெப்பர்டி’யில் மிஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

கேள்வி: நான் பழைய நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே, “அவை எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த நாடகம், தாத்தா” என்கிறான் என் பேரன். உண்மையா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: எல்லாம் அன்று; சில. ஐம்பதுகளில் அமெரிக்காவின் ‘ட்வென்டி ஒன்’ வினாடி வினா நிகழ்ச்சியில் வென்றுகொண்டிருந்த ஹெர்பர்ட் ஸ்டெம்பலை, தாம் விரும்பிப் பார்த்த படத்தின் பெயரையே அறியாதவர்போல் தவறான விடை சொல்லித் தோற்கச் செய்தார்கள். அவரை வென்ற சார்லஸ் வான் டோரன், விடைகள் தமக்கு முன்பே தரப்பட்டதை 1959இல் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். மறு ஆண்டே அத்தகைய மோசடியைக் குற்றமாக்கும் சட்டம் அங்கே வந்தது.

பேரனிடம் மறவாமல் மற்றொரு கதையையும் சொல்லுங்கள். 1984இல் ‘பிரஸ் யுவர் லக்’ நிகழ்ச்சியில் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டிய மைக்கேல் லார்சன் என்பவர் கலந்துகொண்டார். பலகையில் ஓடும் விளக்கைப் பொத்தானை அழுத்தி நிறுத்தினால், அது நிற்கும் கட்டத்தில் உள்ளது போட்டியாளருக்கு. அந்த விளக்குகள் தாறுமாறாக ஓடுவதாகவே எல்லாரும் நம்பியிருக்க, அவர் வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவுசெய்து திரும்பத் திரும்பப் பார்த்து, அவை ஐந்தே ஒழுங்குகளில் ஓடுவதைக் கண்டுபிடித்து மனப்பாடம் செய்துவைத்திருந்தார். ரொக்கமும் பரிசுகளுமாக 1,10,237 டாலர் வென்றார். நிலையத்தார் துருவித் துருவி ஆராய்ந்தும் எந்த விதியையும் அவர் மீறியதாகத் தெரியாததால், பரிசைக் கொடுத்துவிட்டுப் பலகையின் ஒழுங்குகளை மாற்றினார்கள்.