பீரங்கி வார்த்தவர்கள்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைக்குப் பீரங்கி வார்த்த டிரெடகர் இரும்பாலை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஏறக்குறைய 1,100 பீரங்கிகள் என்கிறீர்கள். அவ்வளவு பெரிய ஆலை தென்மாநிலங்களின் தலைநகர் ரிச்மண்டிலேயே இருந்தும் ஏன் பீரங்கிப் பற்றாக்குறை? முதலாளி ஜோசப் ஆண்டர்சனுக்கு நிர்வாகம் போதவில்லையா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள நண்பருக்கு,

நிர்வாகத்தில் குறை இல்லை, ஆண்டர்சன் கெட்டிக்காரர். இரும்புதான் இல்லை.

கோவையில் ஏதாவது ஒரு பவுண்டரிக்குள் போய்ப் பாருங்கள். மணல் அச்சு தயாராக இருக்கும், ஆட்கள் நிற்பார்கள், ஆனால் உருக்குவதற்கான பிக் அயர்ன் என்ற இரும்புக் கட்டிகளும் உலை எரிக்கும் கோக் கரியும் வந்து இறங்கவில்லை என்றால் அன்றைக்கு வார்ப்பு கிடையாது. என் அப்பா அருவங்காடு வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்தவர். "சங்கு ஊதினா மட்டும் போதுமா, கீழேருந்து சரக்கு ஏறி வரணும்ல" என்பார். டிரெடகரின் கதையும் இதுதான்.

போருக்கு முன் வடக்கிலிருந்து வந்துகொண்டிருந்த இரும்பு 1861இல் நின்றுபோனது. ஆண்டர்சன் வர்ஜீனியாவின் மேற்கு மலைகளில் இருந்த பழைய உலைகளைப் பிடித்தார். அவை மரக்கரியில் எரிபவை. அதற்குக் காடு வெட்ட ஆள் வேண்டும், கரி சுட ஆள் வேண்டும், அத்தனை பேருக்கும் சோளமும் பன்றி இறைச்சியும் வேண்டும், அதுவும் போர்க்காலத்தில். ஒரு கட்டத்தில் உணவு வாங்குவதற்கென்றே ஆலை ஆட்களை வெளியூர்களுக்கு அனுப்பியது. 1864இல் வடக்குப் படை அந்த உலைகளில் சிலவற்றை எரித்தும் விட்டது. தன்னால் முடிந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஆலை ஓடவே இல்லை.

வெண்கலத்திலும் இதே பாடுதான். 1862இல் உருக்கிப் பீரங்கி வார்ப்பதற்காகத் தோட்ட முதலாளிகளிடம் மணிகளைக் கேட்டு வாங்கும் நிலை வந்தது. 1863 இறுதியில் டென்னசியின் செப்புச் சுரங்கங்கள் கைவிட்டுப் போனதும், அதுவரை வெண்கலத்தில் வார்த்த 'நெப்போலியன்' என்ற வகைப் பீரங்கியை வார்ப்பிரும்பிலேயே செய்து, வெடித்துவிடாமல் இருக்க அடிப்பகுதியில் தேனிரும்புப் பட்டையைச் சுற்றினார்கள்.

சரி, கரி சுட்டது யார், உலை ஓட்டியது யார்? இதை என் கட்டுரையில் நான் சரியாகச் சொல்லவில்லை. போருக்கு முன்பே அங்கே அடிமைகள் வேலை செய்தார்கள். 1847இல் வெள்ளைத் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது ஆண்டர்சன் அவர்களை வெளியேற்றினார். போர் வந்ததும் கைதேர்ந்த ஆட்கள் பலர் விலகினார்கள், சிலரைப் படை இழுத்துக்கொண்டது, அந்த இடத்தை நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்து நிரப்பினார்கள். வாடகைக்கு எடுத்த மனிதர்கள். வாடகை போனது எஜமானர்களுக்கு. தங்களை அடிமைகளாகவே வைத்திருக்க நடந்த போருக்கு அவர்கள் கையாலேயே பீரங்கி வார்க்க வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மனசு ஆறவில்லை.

அவர்களையும் சேர்த்து "தொழிலாளர்கள்" என்று ஒரே சொல்லில் எழுதியிருந்தேன். உங்கள் கடிதத்துக்காகத் திரும்பப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. அந்த வரியை இன்று காலை மாற்றிவிட்டேன்.