வயர்லெஸ் சென்சார் வாங்குவோர் கேள்விகள்

கேள்வி: மழைக்குப் பாதுகாப்பாக நோடுகளை (சென்சாரும் ரேடியோவும் சேர்ந்த சிறு கருவிகளை) இரும்புப் பெட்டிக்குள் வைக்கலாமா?

பதில்: கூடாது. சிக்னல் வெளியே வராது. பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள்.

கேள்வி: '100 மீட்டர் எட்டும்' என்று போட்டிருந்தது. கிடங்கில் 25 மீட்டரிலேயே அறுந்துவிடுகிறது. கருவி பழுதா?

பதில்: கருவி சரியாகவே இருக்கலாம், கோளாறு அந்த எண்ணில். அது தடையில்லாத வெட்டவெளிக்கான கணக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 100 மீட்டர் போக, நேர்கோடு தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு மீட்டராவது காலியாக இருக்கவேண்டும். தரையோடு வைத்தால் தரையே தடை. இரும்பு ரேக்கும் தண்ணீர் கேன்களும் குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம். இதையெல்லாம் மறைத்து எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சடிப்பது அநியாயம். அதை நம்பி ஒரு செட் வாங்கி நானும் பணத்தை முடக்கினேன். ஒரு நோடைக் குச்சியில் கட்டி, சரக்கு நிறைந்திருக்கும் நாளில் நடந்து, 5 மீட்டருக்கு ஒருமுறை சிக்னல் அளவைக் குறியுங்கள். ரிசீவரின் உணர்திறன், அதாவது அது பிடிக்கக்கூடிய மிகப் பலவீனமான சிக்னல், மைனஸ் 95 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) என்றால், அளவு குறைந்து மைனஸ் 80-ஐத் தொடுமுன்பே ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மீண்டும் அனுப்பும் கருவி) வையுங்கள்.

கேள்வி: 40 நோடுகள் வாங்கிவிட்டோம். எங்கே வைப்பது என்று இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

பதில்: அளக்காமல் துணி எடுத்த கதை. மூன்றை மட்டும் பிரித்துச் சோதியுங்கள். மற்றவற்றின் சீலை உடைக்காதீர்கள். திருப்பிக்கொடுக்கும் கெடு எப்போது என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: ஆள் நடமாட்ட சென்சார்களைச் சதுரமாக அடுக்குவதா, முக்கோணமாகவா?

பதில்: முக்கோணம். சுற்றிலும் 10 மீட்டர் பார்க்கும் சென்சாருக்குச் சதுர வரிசையில் 14 மீட்டர் இடைவெளிதான் விடலாம், முக்கோணத்தில் 17. பெரிய திடலில் சென்சார் எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். ரேடியோ 20 மீட்டராவது எட்டவேண்டும். மண் ஈரம் அளக்க இந்தக் கணக்கு உதவாது. மேடு, பள்ளம், நிழல் பார்த்து வையுங்கள்.

கேள்வி: பேட்டரி 2 ஆண்டு வரும் என்றார்கள். கேட்வே (எல்லா நோடுகளின் தகவலும் வந்துசேரும் பெட்டி) பக்கத்து ஜிக்பீ (நோடுக்கு நோடு செய்தி கடத்தும் வயர்லெஸ் முறை) நோடுகள் நாலே நாளில் சாகின்றன. விற்றவர் என்னைக் குறை சொல்கிறார்.

பதில்: தவறு உங்களுடையதல்ல. தூங்கி எழுந்து தன் அளவை மட்டும் அனுப்பும் நோடுக்குத்தான் 2 ஆண்டு. கேட்வே பக்கத்தில் இருப்பவை மற்றவற்றின் செய்தியைக் கடத்தும் ரௌட்டர்கள், அவை தூங்கவே முடியாது. கேட்டுக்கொண்டிருக்கவே 25 மில்லிஆம்ப் இழுத்தால், 2,500 எம்ஏஎச் (மில்லிஆம்ப்-மணி) பேட்டரி 100 மணி நேரத்தில் காலி. அந்த நோடுகளுக்கு அடாப்டர் கொடுங்கள். விளம்பரப் படம், பில், பேட்டரி மாற்றிய தேதிகளை இணைத்து, அடாப்டர் செலவையோ முழுப் பணத்தையோ விற்றவரிடம் எழுத்தில் கேளுங்கள்.