சாமந்தித் தண்டு நீளவில்லையா? மருந்துக்கு முன்னால் விளக்கைப் பாருங்கள்

கேள்வி: ஓசூர் பக்கம் பாலிஹவுஸில் ஸ்பிரே சாமந்தி (ஒரே தண்டில் பல பூ பூக்கும் ரகம்) போட்டிருக்கிறேன். தண்டு ஒன்றரை அடிகூடத் தாண்டாமல் மொட்டு வைத்துவிடுகிறது. கடையில் கொடுத்த ஜிப்ரெலிக் அமில (செடியை நீள வைக்கும் வளர்ச்சி ஊக்கி) திரவத்தை இரண்டு தடவை அடித்தும் பலன் இல்லை. அளவைக் கூட்டலாமா?

பதில்: கூட்டிப் பிரயோஜனம் இல்லை அண்ணா. முதலில் அந்த பாட்டிலில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் திரவம் 0.001 சதவீதம்தான், அதைத் தண்ணீரே கலக்காமல் அப்படியே அடித்தால்கூட 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 10 பங்கு) மேல் போகாது, தண்டு நீள வேண்டுமானால் 50 பிபிஎம் அளவுக்காவது வேண்டும். 40 சதவீதக் குருணையாகக் கேட்டு வாங்குங்கள். 10 லிட்டர் டேங்குக்கு ஒன்றேகால் கிராம் போட்டால் 50 பிபிஎம் வரும். கண்ணளவில் போடாமல் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

ஆனால் உங்கள் கோளாறு மருந்தில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. சாமந்திக்குப் பகல் சுமார் பதிமூன்றரை மணி நேரத்துக்குக் குறைந்தாலே மொட்டுக் கட்டும் புத்தி வந்துவிடும். ஓசூரில் ஜூன் மாதத்து நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரம் முழுதாக இருக்காது. அதாவது எந்த மாதம் நட்டாலும் விளக்கு இல்லாமல் தண்டு நீளாது. நுனி இலைகளைப் பாருங்கள், கீழ் இலை மாதிரி வெட்டு வெட்டாக இல்லாமல் சின்னதாய், பட்டையாய் இருந்தால் செடி மொட்டுக்குத் திரும்பிவிட்டது, அதற்கப்புறம் எதை அடித்தாலும் காம்புதான் நீளும், பூ தலை தொங்கும், விற்பனைக்குக் கொத்தாகக் கட்டவே முடியாது.

அடுத்த நடவில் முதல் நாலு வாரம் நீண்ட இரவை நடுவில் உடைக்கிற மாதிரி இரவு 10 மணியிலிருந்து 2 மணி வரை விளக்குப் போடுங்கள், நடுவில் ஒருநாளும் விடக்கூடாது. மின்சாரம் போய்ப் போய் வரும் இடம் என்றால் ஜெனரேட்டர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். நட்ட மூன்றாவது வாரம் ஒரு தடவை, பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை, மாலை வேளையில் 50 பிபிஎம் அடியுங்கள். தாமிர மருந்தோடு கலக்க வேண்டாம், கரைத்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ரகத்துக்கு ரகம் வித்தியாசப்படும், அதனால் முதலில் ஒரே ஒரு பாத்தியில் அடித்துப் பக்கத்துப் பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டு நீண்டும் மெலிந்து வளைந்தால் அடுத்த தெளிப்பை நிறுத்திவிட்டு செடி நெருக்கத்தையும் பொட்டாஷ் உரத்தையும் கவனியுங்கள்.